ஏறாத முள்

என் அத்தான் லாரியை நியூட்ரலில் இறக்கித்தான் செத்தார் என்று எட்டு வருஷமாக ஊரே சொல்கிறது. அதை முதலில் சொன்ன வாய் என்னுடையது. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நான் மெக்கானிக். லாரி இஞ்சின் மட்டும்தான் பார்ப்பேன், அதுவும் டீசல். ஷெட்டுப் பக்கம் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'ரேடியேட்டர்'. சீக்கிரம் கொதித்துவிடுவேனாம். பெயர் வைத்தவனைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாம் என்று கிளம்பினேன். சாத்தினால் அவன் சொன்னது சரி என்று ஆகிவிடுமே என்று பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன்.

இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் விட்டால் வண்டி தன்பாட்டுக்கு உருளும். டீசல் மிச்சம். ஆனால் இஞ்சினின் பிடி போய்விடும், மொத்த பாரமும் பிரேக்கின் தலையில் விழும். மேட்டுச் சாலையின் அடியில், லாரிகளைப் பாரத்தோடு நிறுத்தி எடை போடும் எடைமேடைக் கட்டிடம் இருக்கிறது. அதன் சுவரில்தான் அத்தானின் வண்டி டிரைவர் பக்கமாகப் போய் இடித்தது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவரை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கியர் கம்பி நியூட்ரலில் நின்றது. "நியூட்ரல்ல விட்டிருக்காருய்யா! படிச்சுப் படிச்சு சொன்னேனே!" என்று நடு ரோட்டில் தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். விசாரிக்க வந்தவர்களும் கியரைப் பார்த்தார்கள், என்னைக் கேட்டார்கள், நான் சொன்னதை எழுதிக்கொண்டு போனார்கள்.

அதோடு விட்டேனா? ரிப்பேர் முடிந்து கிளம்பும் ஒவ்வொரு டிரைவரையும் நிறுத்தி, "நியூட்ரல்ல மட்டும் எறக்காத. எங்க அத்தான் கதி தெரியும்ல?" என்று சொல்லித்தான் அனுப்புவேன். அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டு வருகிற நாட்களில் அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். நாலு உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு நினைப்பு. அக்கா வாயைத் திறக்க மாட்டாள். நான் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அவர்களுக்கு ஒரே மகள். இருபத்து நாலு வயசாகியும் எங்களுக்கு அவள் பாப்பாதான். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அத்தான் போனபிறகு அவள் படிப்பு, காய்ச்சல், அழுகை எல்லாவற்றுக்கும் நான்தான் ஓடினேன். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பாப்பா போன வருஷம் லாரி லைசென்ஸ் எடுத்து வந்து என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். நான் ஒரு வாரம் குதித்தேன். அவள் பாட்டுக்கு மேட்டுக் குடியிருப்பின் தண்ணீர் லாரியில் டிரைவராகச் சேர்ந்துவிட்டாள். மேட்டில் எழுபது வீடு. குழாய்த் தண்ணீர் அங்கே ஏறாது. காலையில் இரண்டு நடை, மாலையில் இரண்டு நடை, பாப்பா போனால்தான் அவர்களுக்குச் சமையல், குளியல் எல்லாம்.

அந்தத் தண்ணீர் லாரிதான் ஒரு நாள் காலை ஏற்றத்தின் நடுவில் நின்றுபோனது. இழுத்துக்கொண்டு வந்து ஷெட்டில் போட்டார்கள். குனிந்து பார்த்தேன். பிஸ்டனோடு சேர்ந்து ஓடும் கனெக்டிங் ராடு ஒன்று முறிந்து இஞ்சினின் பக்கச் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. பக்கத்தில் இருந்த ஏர் கம்ப்ரஸரையும் நொறுக்கி, அதிலிருந்து போகும் பைப்பையும் நசுக்கியிருந்தது. என் கையை உள்ளே விட்டால் முழங்கை வரை போயிற்று.

"எத்தன நாளாகும் மாமா?" என்றாள் பாப்பா.

"எத்தன நாளா? இத ஒட்டவா முடியும்? வேற இஞ்சின் வேணும்டி."

"அப்ப மாத்து."

"மாத்தாம? கடைல போய் அரை டஜன் வாங்கிட்டு வரவா?"

அந்த இஞ்சினைச் செய்த கம்பெனி மூடிப் பதினைந்து வருஷம் ஆகிறது. புதுச் சாமான் என்ற பேச்சே இல்லை. இருக்கிற ஒன்றிரண்டு வண்டியும் ஒன்றின் உறுப்பை எடுத்து ஒன்றுக்குப் போட்டுத்தான் ஓடுகின்றன. மூட்டில் கசியாமல் வைக்கிற கேஸ்கட் வேண்டுமென்றால் நானே தகட்டின் மேல் அட்டையை வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி வெட்டிக்கொள்வேன். செப்பு வாஷரைச் சூடு பண்ணித் தண்ணீரில் போட்டுத் திரும்பப் போடுவேன். ஆனால் இஞ்சின் சுவரை எதிலிருந்து வெட்டுவது? ஒன்பது நாள் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் அலைந்தேன். ஒரு கடையில் கிராங்க் இருந்தது, வளைந்திருந்தது. இன்னொரு கடையில் பிஸ்டன் இருந்தது, முதலாளி அதைக் கவிழ்த்து வைத்து சிகரெட் சாம்பல் தட்டிக்கொண்டிருந்தார். கொடுங்கள் என்றதற்கு, அப்புறம் நான் எதில் தட்டுவது என்று கேட்டார். பத்தாவது நாள் மேட்டிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இன்னும் ஐந்து நாள் பார்ப்போம், அப்புறம் வேறு வண்டிக்குப் பேசிவிடுவோம், பாப்பா தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் குடம் தூக்குகின்றன என்றார்கள்.

அதே இஞ்சின் ஒன்று எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அக்கா வீட்டுப் பக்கவாட்டில், தகரக் கூரைக்குக் கீழே, நசுங்கின கேபினோடு நிற்கும் அத்தானின் லாரியில் இருக்கிறது.

அந்த வண்டியை அக்கா விற்கவில்லை. எத்தனையோ பேர் கேட்டார்கள். நானே ஒரு தடவை டீசல் பம்ப் வேண்டும் என்று கேட்டு, வாய்ச்சண்டை வந்து, மூன்று மாசம் பேசாமல் இருந்தோம். விற்காதது மட்டுமல்ல, வாரத்தில் ஒரு நாள் அதை ஸ்டார்ட் பண்ணுவாள். ரேடியேட்டர் நசுங்கிப் போயிருந்ததால் ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, இரண்டு குழாயை இஞ்சினுக்குச் செருகி அவளே ஓர் ஏற்பாடு பண்ணி வைத்திருந்தாள். பாட்டரியைத் தெருமுனை லாரிக்காரரிடம் கேட்டு வாங்கி வருவாள். கேபினில் ஏறி உட்கார்ந்து பத்து நிமிஷம் ஓட விடுவாள். பிறகு அணைத்துவிட்டு இறங்கிப் போய் வேலையைப் பார்ப்பாள். புருஷன் சத்தத்தைக் கேட்கிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கிறுக்கு முற்றிவிட்டது என்று நான் சொன்னேன். சொன்னேனே தவிர அந்தத் தகரக் கூரைப் பக்கம் நான் ஒரு நாளும் போனதில்லை. அந்தக் கேபினைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் நிஜம்.

பதினோராவது நாள் காலை நானும் பாப்பாவும் அக்கா முன்னால் போய் நின்றோம். அக்கா துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து அவள்தான் இஸ்திரி போடுகிறாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு சட்டையின் காலரை மடித்தபடியே, "தர மாட்டேன்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! "எழுபது வீடு தண்ணி இல்லாம கெடக்குது. உன் பொண்ணு வேல போகப் போகுது. நீ இரும்பக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழு!" என்று கத்தினேன்.

"நீ கத்தாத மாமா," என்றாள் பாப்பா. பிறகு தன் அம்மாவைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் சொன்னாள். "அம்மா, அப்பா அஞ்சு லிட்டர் டீசலுக்கு ஆசப்பட்டு நம்மள விட்டுட்டுப் போனாரு. பொறுப்பு இருந்தா நியூட்ரல்ல விட்டிருப்பாரா? அந்த இஞ்சினாவது நாலு பேருக்குப் பொறுப்பா தண்ணி கொண்டு போகட்டும்."

அக்காவின் கையில் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. அவள் பாப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எதற்கு இப்படிப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. சட்டை தீய்ந்து வாசம் வந்தபிறகுதான் பெட்டியை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"எடுத்துக்க," என்றாள். "ஆனா நாளைக்கு நீ மட்டும் வா. பாப்பா வேணாம், ஆள் யாரும் வேணாம். ஒவ்வொரு நட்டும் நீயே கழட்டணும்."

"ஆறு பேர் தூக்குற இஞ்சின நான் ஒத்த ஆளா எப்படி அக்கா..."

"தூக்குறப்ப ஆளக் கூப்பிட்டுக்க. கழட்டுறது நீ மட்டும்."

பாசத்தில் சொல்கிறாள், அந்நியன் கை படக்கூடாது என்று நினைக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் பாப்பாவிடம், உங்கம்மாவை வழிக்குக் கொண்டுவர என்னால்தான் முடியும் என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

மறுநாள் ஏழு மணிக்கே சாமான் பெட்டியோடு போனேன். அக்கா ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள். நான் கேபினைப் பார்க்காமல் வேலையை மட்டும் பார்த்தேன். டிரம்மின் குழாய்களைப் பிடுங்கினேன். ஆயிலை இறக்கினேன். டீசல் குழாய், வயர், சைலன்சர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எட்டு வருஷம் நின்ற வண்டி, ஆனால் எந்த நட்டும் துருப்பிடித்து அடம் பிடிக்கவில்லை. வாரா வாரம் எண்ணெய் காட்டியிருந்தாள். கிறுக்கு என்று சொன்னோமே என்று மனசுக்குள் கொஞ்சம் உறுத்தியது.

பத்து மணிவாக்கில் கம்ப்ரஸருக்கு வந்தேன். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகளில் பிரேக்கைப் பிடிப்பது காற்று. இஞ்சினோடு சேர்ந்து ஓடும் கம்ப்ரஸர் காற்றை அடைத்து ஒரு பைப் வழியாக டேங்குக்கு அனுப்பும். டேங்கில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று டிரைவருக்கு முன்னால் ஒரு முள் காட்டும். டேங்க் காலியானால் பிரேக்கை எத்தனை மிதித்தாலும் மிதிதான் மிச்சம். தண்ணீர் லாரியின் பைப் நசுங்கிவிட்டதால் எனக்கு இந்தப் பைப்பும் முழுசாக வேண்டும். அதனால் டேங்க் பக்கம் போய்ப் படுத்து, பைப்பின் நட்டைப் பார்த்தேன்.

நட்டின் முனைகள் மழுங்கியிருந்தன. ஸ்பேனர் போடாமல் கொறடாவால் பிடித்துத் திருகினால்தான் பித்தளை நட்டு அப்படி ஆகும். என் கையால் கொறடா போட்டு ஒரு நட்டைத் திறந்ததாகச் சரித்திரமே கிடையாது.

"எவன் அக்கா இதுல கை வெச்சது?" என்று படுத்தபடியே கேட்டேன்.

"நீ திற," என்றாள்.

திறந்தேன். டேங்குக்குள் காற்று நுழையும் வாயில் ஏதோ கறுப்பாக அடைத்திருந்தது. விரல் நகத்தால் பிடித்து இழுத்தேன். துணி. எண்ணெயில் ஊறி, ஒரு பக்கம் கருகி, விரல் தடிமனுக்குச் சுருண்டிருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து விரித்தேன். உள்பக்கத்தில் நீலமும் வெள்ளையுமாகக் கட்டம் தெரிந்தது.

பாப்பாவின் பள்ளிக்கூடச் சீருடை. சிறுசாகிவிட்டது என்று அக்கா கிழித்து, கை துடைக்க என் ஷெட்டுக்குக் கொடுத்தது.

மெக்கானிக் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பைப்பைக் கழற்றினால் தூசி போகக்கூடாது என்று அதன் வாயில் துணியைத் திணித்து வைப்போம். மாட்டும்போது எடுத்துவிடுவோம். துணியின் முனை வெளியே தொங்க வேண்டும், அப்போதுதான் மறக்காது. அத்தான் சாவதற்கு எட்டு நாள் முன்பு அந்தக் கம்ப்ரஸரைக் கழற்றி ரிங் மாற்றியவன் நான். மாட்டும்போது துணியை இழுத்தேன், வந்தது, தூக்கிப் போட்டேன். பாதி கிழிந்து உள்ளேயே நின்றதை நான் பார்க்கவில்லை. காற்று அதைத் தள்ளித் தள்ளி டேங்க் வாயில் கொண்டுபோய் அடைத்திருக்கிறது.

அந்த லாரிக்கு அடியிலிருந்து என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கியர் நியூட்ரலில் இருந்தது ஏன் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பிரேக் போனதும் அந்த மனுஷர் வண்டியை இஞ்சினிலாவது பிடித்து நிறுத்தலாம் என்று கீழ் கியருக்கு மாற்றப் பார்த்திருக்கிறார். இந்தப் பழைய கியர்பாக்ஸில் வேகமாக உருளும்போது கீழ் கியர் விழாது. எடுத்த கியர் எடுத்ததுதான், நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார். இது எனக்குத் தெரியாத விஷயமா? புதுசாக வந்த டிரைவருக்குக்கூட நான் சொல்லித் தருகிற விஷயம். அன்றைக்கு ஏன் எனக்குத் தோன்றவில்லை?

ஏன் தோன்றவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அத்தான் அன்று காலையில் ஷெட்டுக்கு வந்திருந்தார். இன்னொரு வண்டிக்கு அடியில் கிடந்த என்னிடம் குனிந்து, "மாப்ள, முள்ளு மேல ஏறவே மாட்டேங்குது, கொஞ்சம் வந்து பாரேன்" என்றார். "புது ரிங்கு, செட் ஆக இன்னும் நாலு நாள் ஆகும். என் வேலய எனக்குச் சொல்லித் தராதீங்க" என்று நான் அடியிலிருந்தே கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டு, "சரிடா ரேடியேட்டர், கொதிக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று மணி நேரம் கழித்துச் செய்தி வந்தது. அந்தப் பேச்சை நான் யாரிடமும் சொல்லவில்லை. கியர் கம்பியைப் பார்த்ததும் எனக்கு ஒரு காரணம் கிடைத்தது, நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா குனிந்து என்னைப் பார்த்தாள். "வெளிய வா," என்றாள்.

வந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், "எப்பலேர்ந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டேன்.

"வண்டியக் கொண்டாந்து விட்ட மாசத்துலயே. துரு ஏறிடும்னு ஸ்டார்ட் பண்ணேன். முள்ளு ஏறல. அவரு என்கிட்ட கொஞ்சம் கொஞ்சம் சொல்லிக் குடுத்திருக்காருல்ல, காத்து ஏறலன்னா பைப்பப் பாருன்னு. கொறடா எடுத்துத் திறந்தேன். பாப்பா துணி."

"அப்பவே என் கன்னத்துல அறஞ்சிருக்கலாமே அக்கா!"

"அறஞ்சிருந்தா நீ உயிரோட இருந்திருப்பியாடா? உன் புத்தி எனக்குத் தெரியாதா? அவரும் போய், நீயும் போய், நான் அந்தப் பொண்ண வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?" அவள் குரல் உடையவே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எடுத்து அடுப்புல போட்டுடலாம்னு பாத்தேன். போட்டா, அவருதான் தப்புன்னு நானும் சொன்ன மாதிரி ஆயிடும். சொன்னா நீ போயிடுவ. அதான் இருந்த எடத்துலயே வெச்சு மூடிட்டேன். வேற எவன் கைக்கும் போயிடக் கூடாதுன்னு விக்கல. துரு ஏறிச்சுன்னா இரும்புக் கடக்காரன் வந்து நிப்பான்னு வாரா வாரம் ஓட விட்டேன். என்னைக்காவது நீயே திறப்பன்னு."

"நான் நியூட்ரல் நியூட்ரல்னு கத்துறப்பல்லாம்..."

"வயிறு எரியும்," என்றாள். "நெஜமா எரியும். ஆனா நேத்து பாப்பா சொன்னா பாரு, பொறுப்பு இல்லாத மனுஷன்னு. அத என்னால கேக்க முடியல தம்பி. அவ அவங்கப்பாவ அப்படி நெனச்சுக்கிட்டே வாழக் கூடாது."

நான் அழுதேன். நாற்பத்தேழு வயசு ஆள், கையெல்லாம் கரியோடு, டிரம் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. அழுது முடித்தபிறகு சொன்னாள். "நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உன் கைல. இப்ப இஞ்சினக் கழட்டு, தண்ணி போகணும்."

அடுத்த மூன்று நாள் நான் வேலை செய்த மாதிரி என் வாழ்க்கையில் செய்ததில்லை. ஆறு பேரைக் கூப்பிட்டு இஞ்சினை இறக்கி ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். இரண்டு வண்டியும் ஒரே கம்பெனி என்றாலும் வருஷம் வேறு. இஞ்சின் உட்காரும் கால் அரை அங்குலம் தள்ளி இருந்தது, புதுசாகத் தகடு வெட்டித் துளை போட்டேன். கிளட்ச் மூடிக்குப் போல்ட் சேரவில்லை, பழைய இஞ்சினின் போல்ட்டையே சீவிப் போட்டேன். ஆயில் சீலுக்கு ஸ்பிரிங் போயிருந்தது, சைக்கிள் ஸ்பிரிங்கை நறுக்கி வளைத்துப் போட்டேன். கேஸ்கட் ஒன்பது வெட்டினேன். பைப்பை டீசலில் கழுவி, கம்பி விட்டு, ஊதி, வெயிலுக்கு நேரே பிடித்து அந்தப் பக்கம் தெரிகிறதா என்று ஏழெட்டுத் தடவை பார்த்தேன். எந்த ஓட்டையிலும் துணி வைக்கவில்லை. என் உள்ளங்கையால் மூடிக்கொண்டே வேலை பார்த்தேன். அந்தச் சீருடைத் துண்டு என் சட்டைப் பையில் இருந்தது.

சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நூறு தடவை நினைத்தேன். பாப்பா தினமும் மூன்று வேளை வந்து எட்டிப் பார்ப்பாள். "என்ன மாமா, சத்தமே காணோம்? மூணு நாளா ரேடியேட்டர் கொதிக்கலியே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். இந்தக் கை அப்புறம் வருமா என்று நினைத்து மறுபடி இஞ்சினுக்குள் குனிந்துகொள்வேன்.

பதினைந்தாம் நாள், மேட்டுக்காரர்கள் கொடுத்த கெடுவின் கடைசி நாள், பகல் பதினோரு மணிக்கு இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினோம். அக்காவும் வந்திருந்தாள். முதல் சுற்றில் இருமியது, இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. ஆறு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் ஓடின. நான் கேபினுக்குள் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு, மூன்று, நாலு. நிற்காமல் ஏறியது. எட்டில் போய் நின்று, வால்வு 'புஸ்' என்று காற்றை விட்டது. அக்கா வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டதும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்திப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா இஞ்சின் அருமையா இருக்கு மாமா. நீ சொல்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிடறேன். நியூட்ரல்ல எறக்க மாட்டேன். அப்பா கதி தெரியும்."

நான் எட்டி இஞ்சினை அணைத்தேன்.

"உங்கப்பா நியூட்ரல்ல எறக்கல," என்றேன். "எறங்கு. ஒரு விஷயம் சொல்லணும்."

அவள் இறங்கினாள். சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்து அவள் கையில் வைத்தேன். எங்கே இருந்தது, யார் வைத்தது, எப்படி மறந்தேன், பிரேக் எப்படிப் போனது, கியர் ஏன் நடுவில் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். துணியை விரித்து அந்தக் கட்டத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "முள்ளு ஏறலன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமே. அவரு உன்கிட்ட வந்து சொல்லலியா?"

அதற்கு இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலைப் பேச்சு எனக்கும் செத்துப்போன மனுஷருக்கும் மட்டும்தான் தெரியும். எட்டு வருஷம் எல்லாம் தெரிந்து வைத்திருந்த அக்காவுக்கே அது தெரியாது. அக்கா நாலடி தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இல்லை என்று சொல்வேன் என்றுதான் அவள் முகம் நம்பிக்கொண்டிருந்தது.

"சொன்னாரு," என்றேன். "அன்னைக்குக் காலைல வந்து, கொஞ்சம் வந்து பாரேன்னு கெஞ்சாத குறையா கேட்டாரு. நான் வண்டிக்கு அடியிலேர்ந்து எந்திரிக்கக்கூட இல்ல. கத்தி அனுப்பிட்டேன்."

அக்கா அப்படியே திரும்பினாள். பிறகு லாரியின் அந்தப் பக்கம் சுற்றிப் போய், கதவைத் திறந்து, கேபினில் ஏறி உட்கார்ந்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

பாப்பா துணியை நாலாக மடித்துத் தன் பையில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. என் சாமான் பெட்டியைத் திறந்தாள். எந்த அளவு ஸ்பேனர் என்று தெரியாமல் ஒன்றிரண்டை எடுத்துப் பார்த்தாள். சரியானதை நானே எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்தாள். நான் மூன்று நாள் பார்த்துப் பார்த்து மாட்டிய பைப்பை இரண்டு பக்கமும் கழற்றி, வாய் வைத்து ஊதி, அந்தப் பக்கம் கை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தாள். வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். திரும்ப மாட்டி இறுக்கினாள். நான் பக்கத்திலேயே நின்றேன். தடுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"நாளைக்கு நான் வந்து வண்டில ஒரு கொறன்னு சொன்னா, எந்திரிச்சு வந்து பாப்பியா?"

"பாப்பேன்."

"கத்தாம?"

"கத்தாம."

ஏறி ஸ்டார்ட் பண்ணினாள். முள் எட்டைத் தொடும்வரை காத்திருந்து, முதல் கியரில் எடுத்தாள். தண்ணீர்த் தொட்டியில் நிரப்பிக்கொண்டு மேட்டுச் சாலையில் ஏறுவது ஷெட்டிலிருந்தே கேட்கும். ஏற்றத்தில் அந்த இஞ்சின் திணறவில்லை. அரை மணி கழித்து இறங்கி வரும்போது, எடைமேடை வளைவுவரை கியரிலேயே இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த உறுமலை நான் வாசலில் நின்று கடைசிவரை கேட்டேன்.

அன்று மாலையிலிருந்து ஷெட்டுக்கு வரும் ஒவ்வொரு டிரைவரிடமும் நடந்ததை நடந்தபடி சொன்னேன். சிலர் கேட்டுவிட்டு என் தோளைத் தட்டினார்கள். இரண்டு பேர் வண்டியை வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் கிளம்பும்முன் தாங்களே குனிந்து பைப்பைத் தட்டிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அக்கா எனக்குச் சாப்பாடு கொண்டு வருவதில்லை. வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை. துணியை அவள் எட்டு வருஷம் பொறுத்தாள். அந்தக் காலைப் பேச்சை எத்தனை வருஷம் பொறுக்க வேண்டுமோ, அதை நான் கேட்க முடியாது.

நாலாவது நாள் நான் ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தேன். கியர்பாக்ஸ் பாதி இறங்கிய நிலை, இரண்டு கையும் அதில் இருந்தது. தண்ணீர் லாரி வாசலில் வந்து நின்றது. பாப்பாவின் செருப்புக் கால்கள் நடந்து வந்து என் தலைக்குப் பக்கத்தில் நின்றன.

"கிளட்ச் லேசா இழுக்குது," என்றாள். மாமா என்று சொல்லவில்லை.

கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து போனேன்.